கையில் கார்டு இருக்கு... பக்கத்தில் ஆஸ்பத்திரி திறந்திருக்கா? 'அனைவருக்கும் மருத்துவம்' விவாதமும் திருவொற்றியூர் கணக்கும்

மாதச் சம்பளம் 25,000 ரூபாய். விம்கோ நகரில் வாடகை வீடு. காலையில் மெட்ரோ பிடித்தால் அண்ணா சாலையில் ஆபீஸ். உங்கள் வாழ்க்கை ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது என்றால், இந்தக் கட்டுரை உங்களைப் பற்றியது.

தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களுக்குக் கிடைக்காது. அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் 10,000. இ.எஸ்.ஐ. அட்டையும் கிடையாது. அதன் சம்பள வரம்பு 2017-ல் மாதம் 21,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் இருந்தால் நல்லது. ஆனால் வேலை போனால் அதுவும் கூடவே போய்விடும்.

ஏழை என்றும் சொல்ல முடியாது, வசதியானவர் என்றும் சொல்ல முடியாது. நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, இவர்களை 'விடுபட்ட நடுப்பகுதி' என்ற பொருளில் குறிப்பிட்டது. மருத்துவச் செலவுக்கு எந்த நிதிப் பாதுகாப்பும் இல்லாதவர்கள் நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவீதம், சுமார் 40 கோடி பேர் என்பது அந்த அறிக்கையின் கணக்கு.

சரி, எல்லாருக்கும் ஒரு கார்டு கொடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சிடுமா? உலகம் முழுக்க பல ஆண்டுகளாக நடக்கும் விவாதம் இது. வடசென்னையில் நின்று பார்த்தால் இதற்கான பதில் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில், 'அனைவருக்கும் மருத்துவம்' என்றால் என்ன?

உலக சுகாதார அமைப்பின் விளக்கம் எளிமையானது. யாராக இருந்தாலும், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில், தரமான சிகிச்சை கிடைக்க வேண்டும். அதற்காக அவர் கடனாளி ஆகக் கூடாது.

இதை அளக்க மூன்று கேள்விகள் இருக்கின்றன.

• யாருக்கெல்லாம் கிடைக்கிறது?
• எந்தெந்த சிகிச்சைகள் கிடைக்கின்றன?
• செலவில் எவ்வளவு நம் கையில் இருந்து போகிறது?

அரசியல் மேடைகளில் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும். 'இத்தனை கோடிக் குடும்பங்களுக்கு அட்டை' என்று சொல்வார்கள். வீட்டு பட்ஜெட்டை உடைப்பது மற்ற இரண்டு கேள்விகளும்தான்.

இந்த யோசனை புதிதும் இல்லை. காசு கொடுக்க முடியவில்லை என்ற காரணத்துக்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று போர் கமிட்டி 1946-லேயே பரிந்துரைத்துவிட்டது. அதே 1946-ல்தான் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பொம்மை பலூன் தயாரிக்கும் சின்னத் தொழிலாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது. அந்த பலூன் கடை டயர் சாம்ராஜ்யமாக வளர்ந்துவிட்டது. கமிட்டியின் பரிந்துரை இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஒரே தெரு, மூன்று வீடு

திருவொற்றியூரில் ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று வீடுகள்.

முதல் வீட்டில் ஒரு கம்பெனித் தொழிலாளி. சம்பளம் 18,000. அவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர் கட்டுகிறார், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். சாதாரணக் காய்ச்சலுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம். பெரிய சிகிச்சைக்கு அயனாவரமோ கே.கே.நகரோ போக வேண்டும். மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லாரும் இதில் அடக்கம். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் 70 சதவீதமும் கிடைக்கும்.

இரண்டாவது வீட்டில் காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கும் அம்மா. அவரிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் இந்த அட்டை முக்கியமாக ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிற சிகிச்சைகளுக்கானது. அவருக்கு இருப்பது சுகர், பிரஷர், மூட்டுவலி. மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று போகும் செலவில் இந்த அட்டை தலையிடாது.

மூன்றாவது வீட்டில் அண்ணன், தம்பி. அண்ணன் உங்களைப் போல 25,000 ரூபாய் ஆபீஸ் வேலை. தம்பி உணவு டெலிவரி. மாதம் 17,000, 18,000 வரும். சம்பள ஸ்லிப் இல்லாததால் இ.எஸ்.ஐ. இல்லை. வருமானம் 10,000-ஐத் தாண்டுவதால் அரசு அட்டையும் இல்லை.

மூன்று வீட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. யாருக்கு எது வந்தாலும், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே வருமானச் சான்றிதழ் கேட்டு யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். 18-ம் நூற்றாண்டுப் பஞ்ச காலத்தில் மக்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் இருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. வடசென்னைப் பெரியவர்கள் இன்றைக்கும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். மிஷினில் கை மாட்டிய தொழிலாளிகளுக்கு மறுவாழ்வு கொடுத்ததில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி உருவாக்கிய அதன் கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் பெரிய பெயர் உண்டு. சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற சில ஸ்கேன்களுக்கு மட்டும், வெளியே ஆவதை விடக் குறைந்த கட்டணம் வாங்குவார்கள்.

யோசித்துப் பார்த்தால், 'யாருக்கெல்லாம்?' என்ற முதல் கேள்வியில் தமிழ்நாடு ஏற்கெனவே பெரிய அளவில் பாஸ். அரசு ஆஸ்பத்திரிக் கதவு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அப்புறம் ஏன் திருவொற்றியூர் ஹைரோட்டில் உள்ள தனியார் கிளினிக்குகளில் சாயந்திரம் அவ்வளவு கூட்டம்?

இலவசம்னா செலவே இல்லையா?

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். டெலிவரி வேலை செய்யும் தம்பிக்கு ஒரு வாரமாக இருமல்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான். மதியத்தோடு முடிந்துவிடும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, எக்ஸ்ரேவுக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அன்றைய வேலை போச்சு. நாள் வருமானம் 600 ரூபாய் என்று வைத்தால், இலவச சிகிச்சைக்கு அவர் கொடுத்த விலை 600 ரூபாய், கூடவே போக்குவரத்துச் செலவு.

தனியார் கிளினிக்கில் டாக்டர் ஃபீஸ் 250, மாத்திரை 250 என்று வைத்தாலும் 500-ல் முடிந்துவிடுகிறது. அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு, வேலை முடிந்து வரும் வழியில்.

அவர் தனியாரைத் தேர்ந்தெடுப்பது கௌரவத்துக்காக மட்டும் இல்லை, கணக்கு அப்படி. தினக்கூலிக்கு நேரம்தான் பணம். அரசு மருத்துவமனையின் 'பூஜ்ஜிய' பில்லில் அந்த வரி அச்சாகாது, அவ்வளவுதான்.

இ.எஸ்.ஐ. திட்டத்தின் அருமை இங்கேதான் புரியும். போன நாளுக்கும் பணம் தரும் திட்டம் அது. 1948-ல் சட்டம் எழுதியவர்கள் தொழிலாளியின் நேரத்துக்கு விலை உண்டு என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய ஆபரேஷனுக்கு வரும் செலவு கண்ணுக்குத் தெரியும். 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறை அட்மிட் ஆனால் அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும், தனியாரில் 31,845 ரூபாயும் கையில் இருந்து செலவானது. பிரசவச் செலவு இதில் சேரவில்லை. ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். காப்பீடு தடுப்பது இந்த அடியைத்தான். சின்னச் சின்னதாக மாதாமாதம் போகும் ஓ.பி. செலவும் மாத்திரைச் செலவும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன.

காப்பீடா, ஆஸ்பத்திரியா? சண்டை எங்கே?

விவாதத்தின் நடு மையம் இதுதான். அரசிடம் 100 ரூபாய் இருந்தால், அதைக் காப்பீட்டு பிரீமியமாகக் கட்டுவதா? இல்லை, அரசு மருத்துவமனைகளை வளர்ப்பதா?

காப்பீடு வேண்டும் என்பவர்கள் சொல்வது: எல்லா ஊரிலும் அரசால் உயர்தர ஆஸ்பத்திரி கட்ட முடியாது. தனியாரிடம் ஏற்கெனவே படுக்கைகளும் நிபுணர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பயன்படுத்திக்கொண்டால் ஏழைக்கும் நாளைக்கே இதய ஆபரேஷன் கிடைக்கும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது: பொதுப்பணம் தனியாருக்குப் போகும். ஆபரேஷனுக்குப் பணம் உண்டு, நோய் வராமல் தடுப்பதற்கு இல்லை என்ற நிலை வரும். டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலை நிபுணர் குழு 2011-ல் தந்த அறிக்கையும், காப்பீட்டை முதன்மை வழியாக வைக்காமல் வரிப் பணத்தில் பொதுச் சேவையை வலுப்படுத்தச் சொன்னது.

தமிழ்நாடு இரண்டு வண்டியிலும் கால் வைத்திருக்கிறது. 2009 ஜூலையில் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் அது மாற்றியமைக்கப்பட்டு, இப்போதிருக்கும் முதலமைச்சர் பெயரிலான திட்டமானது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆட்சி மாறினாலும் திட்டம் நிற்கவில்லை என்பது நம் ஊர் அரசியலில் அபூர்வம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியிலேயே 'இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?' என்று கேட்பார்கள். 'இலவசம்தானே, எதுக்கு கார்டு?' என்று குழப்பம் வரும். நீங்கள் கார்டைக் காட்டினால், அந்த சிகிச்சைக்கான காப்பீட்டுப் பணம் அந்த அரசு மருத்துவமனைக்கே வரும். அந்தப் பணம் மருத்துவமனையின் மேம்பாட்டுக்குப் பயன்படுகிறது. அதனால் ஸ்டான்லிக்குப் போனாலும் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகள் தரப்பிலும் புகார் இருக்கிறது. அரசு நிர்ணயிக்கும் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, பணமும் தாமதமாக வருகிறது என்கிறார்கள். ஹரியானாவில் 2025 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான தனியார் மருத்துவமனைகள் நிலுவைத் தொகையைக் காரணம் காட்டி ஆயுஷ்மான் பாரத் சிகிச்சையை நிறுத்தின. கார்டு கையில் இருந்தும் கதவு மூடினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

பணம் எங்கிருந்து வரும்?

'எல்லாருக்கும் ஃப்ரீன்னா கஜானா காலியாகிடும்' என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். எண்களைப் பார்ப்போம்.

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். மாநில மக்கள்தொகை சுமார் 7.7 கோடி. வகுத்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,850 ரூபாய். மாதத்துக்கு 240 ரூபாய்க்கும் குறைவு. நம்மில் பலர் போடும் மாத மொபைல் ரீசார்ஜை விடக் கம்மி.

இந்த 240 ரூபாயில்தான் ஸ்டான்லியும் வருகிறது, தடுப்பூசியும் வருகிறது, கிராமத்து நர்ஸ் சம்பளமும் வருகிறது, காப்பீட்டு பிரீமியமும் வருகிறது.

இந்திய அளவில், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செலவிட்டது 2021-22-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை வைத்த இலக்கு 2025-க்குள் 2.5 சதவீதம். நல்ல செய்தியும் இருக்கிறது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையில் இருந்து நேரடியாகப் போன பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021-22-ல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் 100 ரூபாயில் 39 ரூபாய் என்பது சின்ன விஷயம் இல்லை.

அரசு செலவு செய்யாவிட்டால் அந்தச் செலவு காணாமல் போகாது, நம் பர்ஸுக்கு இடம் மாறும். கேள்வி எப்போதும் 'யார் கட்டுவது, எப்போது கட்டுவது' என்பதுதான். உடம்பு நல்லா இருக்கும்போது வரியாகக் கொஞ்சம் கொஞ்சமாகவா? இல்லை, ஐ.சி.யூ. வாசலில் நகையை அடகு வைத்து மொத்தமாகவா?

செலவைக் குறைக்கும் வழியையும் தமிழ்நாடு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்த மாநிலத்துக்கும் சேர்த்து மருந்து வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறையும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். பல மாநிலங்கள் பின்னர் இதைப் பார்த்துத் தங்கள் ஊரில் கழகம் தொடங்கின.

தரம்: எல்லாரும் தயங்கும் இடம்

'கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கா? வேண்டாம்பா' என்று சொல்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

2022 நவம்பரில் வடசென்னையைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர், கால்பந்து வீராங்கனை, பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு ஏற்பட்ட சிக்கலில் காலை அகற்ற வேண்டி வந்தது. கடைசியில் உயிரும் போனது. அலட்சியம் நடந்ததாக அரசே ஒப்புக்கொண்டது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். வடசென்னைக் குடும்பங்கள் அந்தப் பெண்ணை இன்னும் மறக்கவில்லை.

தரம் என்றால் ஏசி ரூமும் பளபள தரையும் மட்டும் கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் காலைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் தரம். அதற்குப் போதுமான நர்ஸ்கள் வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள், பணி நிரந்தரமும் சம வேலைக்குச் சம ஊதியமும் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அதை அவர்களுடைய சம்பளப் பிரச்சனையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். நம்முடைய பாதுகாப்புப் பிரச்சனையும் அதுதான்.

தனியார் என்றாலே தரம் என்பதும் சரியில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைச் செயல்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல். நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். சம்பளக்காரர்கள், படித்தவர்கள், புகார் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் அரசு மருத்துவமனையை விட்டு விலகிவிட்டால், அங்கே மிஞ்சுவது குரல் எழுப்ப முடியாதவர்கள் மட்டும்தான். ஏழைகளுக்கென்று மட்டும் நடக்கும் சேவையைக் கேள்வி கேட்க ஆள் குறைந்துவிடும். ரேஷன் கடையில் அரிசி மோசமாக வந்தால் ஊரே பேசுகிறது. ஏனென்றால் ஊரே அங்கே வாங்குகிறது.

மற்ற ஊர்களில் எப்படி?

இலங்கை: அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை 1951-லேயே நீக்கிய நாடு. வருமானம் குறைவாக இருந்தபோதும் தாய், சேய் இறப்பைக் குறைத்ததில் உலகமே பாராட்டியது. ஆனால் அங்கேயும் வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள், அதே அரசு டாக்டரை மாலையில் காசு கொடுத்து 'சேனல்' பண்ணிப் பார்க்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு கடுமையானது. நல்ல அமைப்பு இருந்தாலும் பணம் வற்றினால் அது தள்ளாடும்.

தாய்லாந்து: 2001-ல் தொடங்கி 2002-க்குள் நாடு முழுக்க '30 பாட் திட்டம்' வந்தது. ஒருமுறை டாக்டரைப் பார்க்க 30 பாட் மட்டும். வரிப் பணத்தில் நடக்கிறது. இது தொடங்கியபோது இதன் முக்கியமான அம்சம், வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவ அமைப்பில் பதிவு செய்து, முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பதாக இருந்தது. ஓ.பி.யும் மருந்தும் இதில் அடக்கம்.

ராஜஸ்தான்: 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்த முதல் இந்திய மாநிலம். தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவசர சிகிச்சைக்கான பணத்தை யார், எப்போது தருவார்கள் என்பதுதான் அவர்களின் முக்கியக் கேள்வி. உரிமையை எழுதுவது எளிது, பில்லை எழுதுவது கஷ்டம்.

நம்ம மாநிலத்திலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. 2017-ல் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஆகிய மூன்று வட்டாரங்களில் துணை சுகாதார நிலையங்களைப் பலப்படுத்தினார்கள். கூடுதல் நர்ஸ், தட்டுப்பாடில்லாத மருந்து, அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் மதிப்பிட்டபோது, முன்பு யாரும் அதிகம் போகாத அந்தச் சின்ன நிலையங்களுக்கு மக்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கைச்செலவும் குறைந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் இடம் நம்பகமாக இருந்தால் மக்கள் தாங்களாகவே வருவார்கள் என்பது அந்த மூன்று வட்டாரங்கள் சொன்ன பாடம்.

அப்போ திருவொற்றியூருக்கு என்ன வேணும்?

இந்த ஊருக்கென்று தனித் தேவைகள் இருக்கின்றன. பக்கத்தில் மணலி, எண்ணூர். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையங்கள், வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 2024 அக்டோபரில் திருவொற்றியூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஏதோ வாயு நெடி பரவி மாணவர்கள் மயங்கினார்கள்.

அந்த நிமிடத்தில் 'உங்க கிட்ட எந்தக் கார்டு இருக்கு?' என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. ஆக்சிஜனோடும் டாக்டரோடும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2011-ல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று இது மண்டலம் 1. முகவரியில் சென்னை என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் 2023 ஜூனில் திறக்கப்பட்ட 1,000 படுக்கை கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை இருப்பது கிண்டியில். ஊரின் மறு கோடி.

பெரிய ஆஸ்பத்திரி எல்லாத் தெருவிலும் வராது, வரவும் வேண்டியதில்லை. முதல் கட்ட சிகிச்சைக்கான இடம் பக்கத்தில் வந்தால் போதும். அதற்கான விதை விழுந்திருக்கிறது. தமிழகம் முழுவதும் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என்ற திட்டத்தில் 500 மையங்கள் 2023 ஜூன் 6-ல் திறக்கப்பட்டன. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். நேரம் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8.

அந்த 'மாலை 4 முதல் 8' என்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். டெலிவரி தம்பி ஒருநாள் கூலியை இழக்காமல் போக முடியும். ஆபீஸ் அண்ணன் மெட்ரோவில் இருந்து இறங்கிப் போக முடியும். ஆனால் மாலையில் போகும்போது டாக்டர் இருக்க வேண்டும், பரிசோதனை நடக்க வேண்டும், மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும். இரண்டு முறை போய் ஆள் இல்லை என்றால், மூன்றாவது முறை யாரும் போக மாட்டார்கள்.

மீன்கார அம்மாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் பெற்றது. காப்பீட்டு அட்டை தொடாத இடத்தைத் தொட்ட திட்டம் இது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒருநாளையும் மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியவை

• குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தை அணுகுங்கள். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.

• சம்பளம் 21,000-ஐத் தாண்டிய மாதமே இ.எஸ்.ஐ. நின்றுவிடாது. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. நடுவில் சம்பளம் கூடினாலும் அந்தக் காலம் முடியும் வரை நீங்கள் உறுப்பினர்தான்.

• இரண்டுமே இல்லை என்றால், கம்பெனி பாலிசியை மட்டும் நம்பாமல் தனியாக ஒன்று எடுப்பதை யோசியுங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பும் 2024-ல் நான்கு ஆண்டில் இருந்து மூன்றாகக் குறைந்தது. இளம் வயதில் பிரீமியம் குறைவு.

• சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், எந்த வருமானம் என்ற கேள்வி இல்லை. 108-ஐ அழையுங்கள்.

• மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்கு, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலையை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

• உங்கள் வார்டு நலவாழ்வு மையம் எங்கே இருக்கிறது என்று தேடி, அடுத்த சளிக்கு ஒரு மாலை அங்கே போங்கள். டாக்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். யாருக்கு கார்டு கொடுப்பது என்பதை அரசு ஒரு கையெழுத்தில் முடிவு செய்துவிடலாம். மண்டலம் 1-ல் உள்ள 14 வார்டுகளில் மாலை ஏழு மணிக்கு எத்தனை மருத்துவ மையங்களில் உண்மையிலேயே விளக்கு எரிகிறது, உள்ளே டாக்டர் இருக்கிறார் என்பதை, அங்கே போகிறவர்கள்தான் தினமும் பார்த்துச் சொல்ல முடியும்.